ஸ்நேக்மேக்கா, நெக்ஸ்ட்ஃப்ளோவா?

தர்மபுரியில் கேழ்வரகு மரபணுத் தரவோடு மல்லுக்கட்டும் மாணவர்களுக்கு இது. இரண்டுமே தரவு ஆய்வின் பல படிகளை வரிசையாகத் தானே ஓட்டும் மென்பொருள்கள். நிறுவ நெக்ஸ்ட்ஃப்ளோ லேசு: லினக்ஸில் ஜாவா 17 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒரே வரி கர்ல் கட்டளை, கோப்புக்கு இயக்க அனுமதி, அவ்வளவுதான். விண்டோஸ் லேப்டாப் என்றால் முதலில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டாக வேண்டும்.

ஸ்நேக்மேக்கை கோண்டா என்ற பேக்கேஜ் நிறுவியில் போடுங்கள், அதுவும் தனிச் சூழலில். சேனல் (பேக்கேஜ்கள் இறங்கும் இடம்) வரிசையில் கோண்டா-ஃபோர்ஜ் முதலில், பயோகோண்டா அடுத்து. மாற்றினால் பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பைத்தான் தெரிந்தவருக்கு இதன் விதிக் கோப்பு (எந்தப் படி எப்படி நடக்கும் என்று எழுதும் கோப்பு) சட்டென்று பிடிபடும். ஹைஃபன் என் சேர்த்து ஓட்டினால், எதையும் தொடாமல் எந்தெந்த வேலை நடக்கும் என்று மட்டும் காட்டும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஆனால் என்எஃப்-கோர் என்ற ஆய்வாளர் குழுவின் தயார் பைப்லைன்கள் (எழுதி முடித்த ஆய்வு வரிசைகள்) வேண்டுமா? நெக்ஸ்ட்ஃப்ளோதான், பேச்சே இல்லை. அவை ஓட வேண்டிய மென்பொருள்களைக் கட்டிவைத்த டாக்கர் இமேஜ்கள் ஜிபி கணக்கில் இறங்கும். பென்னாகரம் போய் செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பாமல், கல்லூரி இணைப்பிலேயே இறக்கிவிடுங்கள்.