தோள்மூட்டில் கல்சியப் படிவு: கண்டியில் அம்மாவுக்குச் செய்த ஊசிச் சிகிச்சை

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அம்மா கொழுந்து பறிக்கிறார். வலது தோளில் கல்சியம் படிந்து, தலை வாரக்கூடக் கை எழும்பாமல் இருந்தவரைக் கண்டி டவுனிலுள்ள ஒரு தனியார் தோள்மூட்டுக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் அந்தப் படிவைக் கழுவி எடுக்கும் சிகிச்சை அங்கே செய்கிறார்கள். இதே வலியோடு சித்தாலேப தேய்த்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் கொடுத்த காசுக்கு முதலில் கிடைத்தது விளக்கம்தான். டொக்டர் சிங்களவர். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தமிழ்த் தாதி ஒருவர் கூட இருந்து ஒவ்வொரு வரியையும் அம்மாவுக்குச் சொன்னார். ஸ்கேன் திரையை அம்மா பக்கம் திருப்பி, தசைநாருக்குள் வெள்ளையாகத் தெரிந்த கட்டியைக் காட்டினார்கள். அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஐயா, பாலும் நெத்தலியும் தின்னதாலயா இது வந்துச்சு?"

இதற்குமுன் வேறோர் இடத்தில், கல்சியம் கூடிவிட்டது, பாலையும் கருவாட்டையும் நிறுத்துங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா அன்றிலிருந்து வெறும் சாயத்தண்ணிதான் குடித்தார். எலும்பு தேயும் வயதில் ஒரு பெண்ணுக்கு இப்படிச் சொல்லலாமா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த டொக்டர் இரத்த ரிப்போர்ட்டைக் காட்டி, கல்சியம் சரியான அளவில்தான் இருக்கிறது, பாலைத் தாராளமாகக் குடிக்கலாம் என்றார். இந்த நோயில் தசைநாரின் சில செல்கள் குருத்தெலும்புச் செல்களைப்போல மாறி, தாங்களே கல்சியத்தைச் சேர்த்து வைக்கின்றனவாம். ஏன் அப்படி மாறுகின்றன என்பது மருத்துவத்துக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. முப்பது முதல் அறுபது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சீனி வருத்தமும் தைரொயிட் கோளாறும் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அம்மாவுக்குச் சீனி இருக்கிறது. கொழுந்து பறித்ததால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வந்தபிறகு நாள் முழுக்கக் கையை வீசிப் பறிப்பது வலியைக் கூட்டும் என்றார்.

ராத்திரியில் திடீரென்று உயிர்போகும் வலி வந்ததே, நோய் முற்றிவிட்டதா என்று நான் கேட்டேன். நேர்மாறாம். படிவு உருவாகும்போது பலருக்கு வலியே தெரியாது, எக்ஸ்ரேயில் தற்செயலாகத்தான் தெரியவரும். உடம்பே அதைக் கரைத்து உறிஞ்சத் தொடங்கும்போதுதான் அழற்சி ஏற்பட்டு வலி உச்சத்துக்குப் போகிறது. அந்தக் கட்டத்தில் படிவு பற்பசை பதத்துக்கு இளகியிருப்பதால் ஊசியால் எடுப்பதும் சுலபம். பலருக்கு ஊசியே தேவைப்படாமல், வலி மருந்தும் பயிற்சியுமாகக் காலப்போக்கில் கரைந்துவிடும் என்பதையும் மறைக்கவில்லை. "காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள்" என்று நோயாளியிடம் சொல்லும் தனியார் இடத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தூக்கமே இல்லாமல் போன அம்மாதான் காத்திருக்க முடியாது என்றார்.

சிகிச்சைக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தோளை மரக்கச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடி ஊசியைப் படிவுக்குள் செலுத்தி, உப்புநீரை உள்ளே விட்டு விட்டு இழுத்தார்கள். சிரிஞ்சுக்குள் வெள்ளையாகக் கலங்கி வந்தது. கடைசியில் ஒரு ஸ்டீரொயிட் ஊசி. அது சில நாட்களுக்குச் சீனியை ஏற்றிவிடும் என்று முன்கூட்டியே எச்சரித்து, சோதித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். சொன்னபடியே ஏறியது, பிறகு இறங்கியது. வலி சில நாட்கள் இருந்தது. இப்போது அம்மா தானே தலை வாரிக்கொள்கிறார். கையை முழுதாக உயர்த்த இன்னும் பயிற்சி செய்துகொண்டிருக்கிறார். அதிர்வலைச் சிகிச்சை, துளையிட்டுச் செய்யும் அறுவை என்று வேறு வழிகளும் உண்டாம். மற்றவை பலன் தராதபோதுதான் அறுவை.

காத்திருந்த இடத்தில் டயலிசிஸ் செய்துகொள்ளும் ஓர் ஐயாவும் இருந்தார். அவருக்கும் மூட்டுகளைச் சுற்றிக் கல்சியக் கட்டிகள். ஆனால் அம்மாவுக்குச் செய்ததை அவருக்குச் செய்யவில்லை, சிறுநீரக டொக்டரிடம் திருப்பி அனுப்பினார்கள். கிட்னி பழுதானால் இரத்தத்தில் பொசுபரசு ஏறி, கழுத்திலுள்ள பாராதைரொயிட் சுரப்பிகளும் நிலை தவறி, கல்சியம் இரத்தக்குழாயிலும் தோலிலும் மூட்டோரத்திலும் போய்ப் படியுமாம். அங்கே கட்டுப்படுத்த வேண்டியது இரத்தத்தை: சாப்பாட்டோடு எடுக்கும், பொசுபரசைக் குறைக்கும் மருந்து, உணவுக் கட்டுப்பாடு, டயலிசிஸ். பக்கத்து லயத்தில் ஒருவருக்கு எழுதிய மருந்தை வாங்கி விழுங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவது ஒன்றுபோல இருந்தாலும் காரணம் வேறு, வைத்தியம் வேறு.

குறைகளும் உண்டு. கிளினிக் மேல்மாடியில் இருக்கிறது, படிகள் செங்குத்து, லிஃப்ட் இல்லை. ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலத்தில்தான். வாயால் அவ்வளவு அழகாக விளக்குகிறவர்கள் தமிழில் அரைப்பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் வீட்டுப் பயிற்சிகளுக்கு எவ்வளவோ உதவும். கட்டணத்தைப் போனில் கேட்டபோது ஒரு தொகை சொன்னார்கள், ஸ்டீரொயிட் மருந்துக்கு அங்கே போனபின் தனியாகச் சேர்த்தார்கள். மொத்தமாக அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விட்டது. நான் ஆசிரியர் வேலையில் இருப்பதால் சமாளித்தேன். முடியாதவர்கள் கடன்பட வேண்டாம்: டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ கண்டி தேசிய வைத்தியசாலையிலோ முதலில் காட்டுங்கள், அங்கே பார்ப்பது இலவசம். சாதாரண எக்ஸ்ரேயிலேயே இந்தப் படிவு பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அப்படியும் இங்கேதான் போவதென்றால் பழைய எக்ஸ்ரே, இரத்த ரிப்போர்ட், குடிக்கும் குளிசைகளின் பட்டை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். சீனி இருந்தால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். காலை நேரத்துக்கே பதிவு கேளுங்கள். பின்னேர நம்பர் கிடைத்தால் ஹட்டன் வந்து சேரும்போது தோட்டப்பக்கம் பஸ் இருக்காது, நோர்வூட் தாண்டி ஓட்டோவுக்குத்தான் அழ வேண்டும்.