குளியலறை ஷேவர் சாக்கெட் மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்லௌ (Slough) நகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் குளியலறையில் வாஷ்பேசினுக்கு மேலே நீளமான ஷேவர் சாக்கெட் ஒன்று இருந்தது, மின்சார ஷேவரையோ பிரஷ் சார்ஜரையோ செருகுகிற பாயின்ட். மஞ்சளடித்துப் போய், மின்சாரப் பல் பிரஷ்ஷின் சார்ஜரைச் செருகினாலே உறுமும். மாற்ற ஆள் கேட்டபோது வாட்ஸ்அப் குழுவில் சில்லறை வீட்டு வேலைகள் செய்யும் ஒரு ஹேண்டிமேனைப் பலரும் கைகாட்டினார்கள். நம்ம ஊர்ப் பையன், தன்மையான பேச்சு. பொருளும் கூலியும் சேர்த்து 140 பவுண்டு.

வேலை சட்டென்று முடிந்துவிட்டது. நீளமான பிளேட் இருந்த இடத்தில் சின்னச் சதுரம். மிச்ச ஓட்டையில் பிளாஸ்டரை அப்பி, சுற்றிலும் வெள்ளை சிலிகானை விரலால் இழுத்துவிட்டிருந்தார். விரல் ரேகைகூடத் தெரிந்தது.

"என்ன தம்பி, இவ்ளோ சின்னதா இருக்கு?"

"இப்ப வர்ற மாடலெல்லாம் இப்படித்தாண்ணே. டிரான்ஸ்ஃபார்மரையே குட்டியா உள்ள வெச்சுடறாங்க."

உள்ளே டிரான்ஸ்ஃபார்மரே இல்லை. சமையலறை வேலைக்கு வந்த பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் கை கழுவப் போனபோது அதைப் பார்த்து நின்றுவிட்டார். மீட்டரின் ஒரு முனையை சாக்கெட் துளையிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்தார். 240 வோல்ட். மெயினை அணைத்துக் கழற்றினால், பின்பக்கம் பிஎஸ் 4573 என்று அச்சடித்திருக்கிறது. பிஎஸ் என்றால் பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு, தர எண். அது படுக்கையறை மாதிரி ஈரமில்லாத இடத்துக்கான பொருள்.

குளியலறைக்கு வேண்டியது பிஎஸ் ஈஎன் 61558-2-5. கழற்றிய பழையதில் இருந்த பிஎஸ் 3535 அதற்கு முந்தைய தரம். உறுமினாலும் அது ஒழுங்கான சாமான்தான். இவற்றில் ஐசோலேட்டிங் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். வீட்டு மின்சாரம் ஒரு சுருளோடு நின்றுவிடும். ஷேவருக்குப் போவது காந்தப்புலம் வழியாக அடுத்த சுருளில் உண்டாகும் மின்சாரம். அதற்கும் எர்த்துக்கும் தொடர்பில்லாததால், ஈரக் கையோடு ஒரு கம்பியைத் தொட்டாலும் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்க அதற்குப் பாதை கிடையாது. இரண்டு கம்பியையும் சேர்த்துப் பிடித்தால் அதுவும் அடிக்கும், அது வேறு. எங்கள் சுவரில் இருந்ததிலோ லைவ் கம்பி நேராகத் துளைக்கே வந்துகொண்டிருந்தது. என் பெண் குளித்துவிட்டுத் தலை சொட்டச் சொட்ட வந்து பிரஷ்ஷை சார்ஜில் போடுகிற இடம் அது.

ஏன் இப்படிச் செய்தார்? டிரான்ஸ்ஃபார்மர் உள்ள யூனிட்டுக்கு ஆழமான பெட்டி வேண்டும். எங்கள் பழைய பெட்டி துருப்பிடித்திருந்தது, புதிதாகப் பதிக்க டைலை வெட்டியாக வேண்டும். விலையும் அதிகம். பொருளிலும் மிச்சம் பிடித்து, உழைப்பிலும் மிச்சம் பிடித்துவிட்டார்.

போனில் கேட்டபோது, "வேலை செய்யுதுல்லண்ணே, அப்புறம் என்ன?" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார். குழுவில் போட்டால், "பாவம், நம்ம பையன்" என்று நாலு பேர் பரிந்து வருகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

இருந்ததைக் கழற்றி அதே மாதிரி மாற்றுவதற்கு இங்கிலாந்தில் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. அதனால் நாமாகக் கேட்காவிட்டால் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. எலக்ட்ரீஷியன்களைப் பதிவுசெய்யும் அமைப்புகளான என்ஐசிஇஐசி (NICEIC), நாப்பிட் (NAPIT) இரண்டில் ஒன்றில் பதிந்தவரா என்று பாருங்கள். சுவரில் ஏற்றும் முன் பிளேட்டின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் கையில் வாங்கினால் கனக்க வேண்டும். முடிந்ததும் மைனர் ஒர்க்ஸ் சர்ட்டிஃபிகேட், அதாவது சின்ன மின்வேலைக்கான சான்றிதழ், கேளுங்கள். இரண்டாவதாக வந்தவர் டைலை வெட்டி, சரியான யூனிட்டைப் பொருத்தி, கேட்காமலே அதை எழுதிக் கொடுத்தார்.