ஒரு "கிளிங்" ஓசைக்கு நான் கொடுத்த 18,500 ரூபாய்

இன்று காலைதான், நான் லைட்டர் வாங்கி ஏமாந்த அந்தச் செயலியிலிருந்து கடைசிப் பதில் வந்தது: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அவர்களுக்குப் புகார் முடிந்தது, எனக்கு 18,500 ரூபாய் முடிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பழைய சுருட்டு லைட்டர்களை எப்படி வாங்குவது, எப்படிப் பேணுவது என்று ஒரு நீண்ட பதிவு எழுதுவதாகச் சில நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதற்கான குறிப்புகளெல்லாம் அப்படியே கிடக்கின்றன. அதற்குப் பதில் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் புதியவன் இல்லை. எட்டு வருடமாகச் சேர்க்கிறேன், வீட்டில் பதினொரு லைட்டர்கள் இருக்கின்றன. ஏமாந்ததைவிட, தெரிந்திருந்தும் ஏமாந்ததுதான் இரண்டு வாரமாகத் தூங்கவிடாமல் செய்கிறது.

எங்கள் பூர்வீகம் திருச்சி. தாத்தா உறையூர்ச் சுருட்டைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். அதையும் தீக்குச்சியால்தான் பற்றவைப்பார். எனக்கு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான், ஆனால் பற்றவைக்கும் கருவியின் மேல் பைத்தியம். பெட்ரோல் லைட்டர் சுருட்டுக்கு ஆகாது, முதல் இழுப்பிலேயே அந்த வாடை ஏறிவிடும். அதனால் நான் தேடுவது காஸ் லைட்டர்களை. அதிலும் பிரான்ஸின் எஸ்.டி. டுபான்ட் தயாரித்த "லைன் 2" ஒன்றை வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். 1977-இல் வந்த மாடல் அது. மூடியைக் கட்டைவிரலால் தள்ளினால் "கிளிங்" என்று வெண்கல மணியைச் சுண்டியதுபோல் ஓர் ஓசை வரும். சேர்ப்பவர்கள் பாதிப்பேர் அந்த ஓசைக்காகவே வாங்குகிறார்கள். என்னையும் அந்த ஓசையில்தான் பிடித்தார்கள்.

பழைய பொருட்களை வாங்கவும் விற்கவும் உதவும் ஒரு செயலி. அதில் கருஞ்சிவப்பு லாக்கர் (பளபளக்கும் மெருகுப் பூச்சு) பூசிய லைன் 2 ஒன்று, விலை 20,000 ரூபாய். படங்கள் தெளிவாக இருந்தன. கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில், அதுவும் நல்ல தமிழில், "அண்ணா" என்று. மூடியைத் திறந்து மூடி ஒரு காணொளி அனுப்பினான். அந்த ஓசையை அன்று இரவு எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை.

ஆனால் என்னை விழவைத்தது ஓசை மட்டும் இல்லை. மறுநாள் அவனே அழைத்தான். "அண்ணா, ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. வலதுபக்கக் கீழ் மூலையில் ஒரு நசுங்கல் இருக்கிறது. தாத்தா கீழே போட்டது. உங்களுக்கு வேண்டாமென்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்." படத்தில் நான் கவனிக்காத குறை அது. கேட்காமலே குறையைச் சொல்கிறவன் பொய் சொல்வானா? அந்த ஒரு நொடியில் அவனை நம்பிவிட்டேன். பிறகு அவன் சொன்ன எதையும் நான் எடைபோடவே இல்லை.

எடைபோட்டிருக்க வேண்டும். "தாத்தா 1960-களில் பாரிஸில் வாங்கியது" என்றான். லைன் 2 வந்ததே 1977-இல் என்பது எனக்கு மனப்பாடம். இருந்தும் "பாவம், பேரனுக்கு வருடம் சரியாகத் தெரியவில்லை" என்று நானே அவனுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டேன். பாட்டியாலா மகாராஜா 1941-இல் இதே நிறுவனத்திடம் தங்கக் கைப்பெட்டிகள் நூறு செய்யச் சொல்லி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு லைட்டர் கேட்டார் என்று ஒரு கதை உண்டு. நிறுவனமே தன் வரலாற்றில் சொல்லிக்கொள்வதுதான். அதையும் எடுத்துவிட்டான். இவ்வளவு தெரிந்தவன் பொருளை மதிக்கிறவன் என்று நினைத்தேன். மதிப்புத் தெரியாமலா அவ்வளவு துல்லியமாகத் திருடுவான்?

பிறகு வழக்கமான தூண்டில். "செயலி வழியாகப் போனால் கமிஷன் பிடித்துவிடுவார்கள், அண்ணா. நேரடியாக என் எண்ணுக்கு அனுப்பினால் 18,500-க்கே தருகிறேன்." 1,500 ரூபாய் மிச்சம் என்று 18,500 ரூபாயை அனுப்பினேன். இன்னொன்றும் சொன்னான்: "காஸை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் அனுப்புவேன், நிரப்பிய லைட்டரைக் கூரியரில் எடுக்கமாட்டார்கள்." இது உண்மை. விமானத்தில் போகும் பார்சலில் அதை வைக்கக் கூடாது. எவ்வளவு பொறுப்பானவன் என்று மெச்சினேன். எரிகிறதா என்று உடனே பார்க்க முடியாதபடி எனக்கு இரண்டு நாள் தாமதம் ஆனது அதனால்தான் என்பது பிறகு உறைத்தது.

பார்சலைப் பிரித்தேன். மூடியைத் தள்ளினேன்.

"டொக்."

அலுமினிய டிபன் பாக்ஸை மூடினால் வரும் சத்தம். கையில் எடையும் இல்லை. அசலின் உடல் கெட்டிப் பித்தளை, சட்டைப்பையில் போட்டால் பையே தொங்கும். இரண்டு நாள் கழித்து காஸ் வாங்கி வந்து அடிப்பக்கத் திருகைக் கழற்றி நிரப்பினேன். புஸ்ஸென்று விரலெல்லாம் சில்லிட்டது. உள்ளே போனதைவிட வெளியே வந்ததுதான் அதிகம். பழைய லைட்டரில் ரப்பர் வளையங்கள் காய்ந்து காஸ் கசிவது சகஜம், மாற்றினால் சரியாகிவிடும் என்று அப்போதும் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் பாரிமுனைப் பக்கம் பழைய கடிகாரமும் லைட்டரும் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். லென்ஸைக் கண்ணில் வைத்து அந்த நசுங்கலைத்தான் முதலில் பார்த்தார். "தம்பி, இங்கே பூச்சு பெயர்ந்திருக்கிறது பாருங்கள். பித்தளை என்றால் உள்ளே மஞ்சளாக இருக்க வேண்டும். இது வெளுத்த சாம்பல் நிறம். துத்தநாகக் கலவை. மேலே இருப்பது லாக்கர் இல்லை, பெயின்ட்." கொஞ்சம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த நசுங்கல் புதிது. யாரோ சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள்" என்றார்.

படத்தில் இருந்த அசல் லைட்டரின் அதே மூலையில், அதே அளவில். என் நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொடுத்த அந்தக் குறையையும் போலியில் தட்டியே உருவாக்கி அனுப்பியிருக்கிறான்! பெரியவர் பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை. அது இன்னும் கூசியது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரித்தால் ரத்தக் கொதிப்புதான் ஏறும். முதல் அழைப்பில், "காஸ் நிரப்பும்போது தலைகீழாகப் பிடித்தீர்களா, அண்ணா?" எனக்கே பாடம். இரண்டாவதில், "கூரியர்க்காரன் போட்டிருப்பான்." மூன்றாவதில் அண்ணா போய் "சார்" ஆகிவிட்டேன்: "பழைய பொருள் என்றால் அப்படித்தான், சார். விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை." நான்காவது நாள் அவன் மாமியார் மருத்துவமனையில். ஐந்தாவது நாள் அவனுடைய முகப்புப் படம் மறைந்தது. என் எண்ணை முடக்கிவிட்டான்.

செயலியின் உதவிப் பகுதியில் முதலில் ஓர் இயந்திரம் பேசியது. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஆறு முறை வருந்தியது. பிறகு ஒரு மனிதர், அல்லது மனிதரைப்போல் எழுதும் ஏதோ ஒன்று, பணம் எங்கள் வழியாக வரவில்லை, ஆகவே பொறுப்பேற்க இயலாது என்றது. அந்த விற்பனையாளரை நீக்குங்கள் என்றேன். பரிசீலிப்பார்களாம். வங்கியில், "நீங்களே ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறீர்களே" என்றார்கள். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை ஆறாவது நாள்தான் அழைத்தேன், ஒரு புகார் எண் கிடைத்தது. நேரில் போன இடத்தில் எழுதிக்கொண்டவர் நிமிர்ந்து, "சுருட்டு பிடிக்கிற லைட்டருக்கா 18,500?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். வீட்டில் மனைவி சிரிக்கவில்லை. "ஏங்க, தீப்பெட்டி இரண்டு ரூபாய்தானே?" என்று மட்டும் கேட்டாள். சிரித்திருந்தாலே தேவலை.

சொன்னபடி யோசனைகள். பொறுமை இல்லை, தோன்றுவதைச் சொல்கிறேன்.

பணத்தைச் செயலிக்கு வெளியே அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்தால் அடுத்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் தடுக்க வாய்ப்பு அப்போதுதான் இருக்கிறது. என்னைப்போல் ஆறு நாள் நாகரிகம் பார்க்காதீர்கள்.

காணொளி கேட்டால் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து, அடிப்பக்க எண்ணும் தெரியும்படி ஒரே ஓட்டமாக எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு வந்த காணொளியில் அடிப்பக்கம் ஒருமுறைகூடத் தெரியவில்லை. சமையலறைத் தராசில் வைத்து எடையையும் காட்டச் சொல்லுங்கள். காந்தம் வைத்துப் பார் என்று சிலர் சொல்வார்கள், வீண். பித்தளையிலும் ஒட்டாது, துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது.

பேணுவதைப் பற்றி ஒரே வரி: நிரப்பும் முன் மிச்சக் காஸை வெளியேற்றுங்கள், நிரப்பியதும் சில நிமிடம் பொறுத்துப் பற்றவையுங்கள், வெயிலில் நிற்கும் காரில் லைட்டரை விடாதீர்கள். மற்றதை இன்னொரு நாள், அசல் ஒன்று கையில் இருக்கும்போது எழுதுகிறேன்.

நேற்றிரவு அடிப்பக்க எண்ணை வைத்துத் தேடினேன். அதே எண் வேறு இரண்டு விளம்பரங்களில், வேறு நிற லைட்டர்களில் இருக்கிறது. ஒவ்வொரு லைட்டருக்கும் தனி எண் இருக்க வேண்டும். என்னிடம் உள்ளதன் கடைசி மூன்று எழுத்துகள் "பி47". அண்மையில் கருஞ்சிவப்பிலோ கறுப்பிலோ லைன் 2 வாங்கியவர்கள் தயவுசெய்து இப்போதே திருப்பிப் பாருங்கள். அதே எண் இருந்தால் எனக்குத் தனியே எழுதுங்கள், என் புகார் எண்ணைத் தருகிறேன். தனியொருவனின் 18,500 ரூபாய்க்குச் சிரித்தவர்கள், நான்கு பேராகப் போனால் நாற்காலியாவது போடுவார்கள்.