தாரா நகலா, நாக்ஸின் முடிச்சா?

கெல்டிக் பாணியில், அதாவது அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பக்கத்துப் பழங்குடிகளின் சுருளும் பின்னலுமான பாணியில், பழைய நகை தேடுபவர்கள் கடைசியில் இரண்டு பெயர்களுக்கு நடுவில் வந்து நிற்பார்கள். ஒன்று, டப்ளினில் இருந்த வாட்டர்ஹவுஸ் கடை. மற்றொன்று, லண்டன் லிபர்ட்டி கடைக்கு வரைந்து கொடுத்த ஆர்ச்சிபால்ட் நாக்ஸ். இருவருமே ஊர்விட்டு ஊர் போனவர்கள், ஆனால் போன திசை எதிரெதிர். ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் 1842-இல் ஷெஃபீல்டிலிருந்து அயர்லாந்துக்குக் கடை போட வந்த ஆங்கிலேயர். நாக்ஸ் 1864-இல் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் உள்ள மான் தீவில் பிறந்து, அங்குள்ள பழைய கற்சிலுவைகளைப் பார்த்து வளர்ந்து, 1897-இல் இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனவர். ஒருவர் அந்தக் கலையைத் தேடி வந்தார், இன்னொருவர் அதை மனதில் சுமந்துகொண்டு கிளம்பினார். நகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது தெரிந்துவிடும்.

முதலில் வாட்டர்ஹவுஸ். 1850-இல் மீத் மாவட்டத்தின் பெட்டிஸ்டவுன் கடற்கரையில் பழைய ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் ஊசிநகை) ஒன்று கிடைத்தது. கி.பி. 700 வாக்கில் செய்தது. வளையம் சுமார் 8.7 சென்டிமீட்டர்தான், ஊசி மட்டும் ஒரு அடிக்கு மேல் நீளம். பொன்முலாம் பூசிய வெள்ளியில் ஆம்பரும் (மரப்பிசின் இறுகிய மஞ்சள் கல்) கண்ணாடியும் பதித்து, மயிரிழைபோன்ற தங்கக் கம்பிகளால் பாம்பும் மிருகமும் பின்னிய வேலை. அதை வாங்கிய வாட்டர்ஹவுஸ் ‘தாரா ப்ரூச்’ என்று பெயர் வைத்தார். தாரா என்பது அயர்லாந்து அரசர்களின் பழைய குன்று. ப்ரூச்சுக்கும் குன்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பெயர் வியாபாரத்துக்காக வைத்தது. வியாபாரமும் ஆனது. 1851 லண்டன் கண்காட்சியில் அசலைக் காட்டினார், நகலை விற்றார். அசல் 1868-இல் 200 பவுண்டுக்கு ராயல் ஐரிஷ் அகாடமிக்குப் போய், இப்போது டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நகலின் நல்ல குணம், பழைய வடிவத்தை ஓரளவு அப்படியே கையில் தருவது. கெட்ட குணமும் அதேதான். அசலில் ஒவ்வொரு கம்பியையும் வளைத்து, தங்கத் தகட்டின்மேல் பொடிவைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். நகல்கள் பலவும் வார்ப்பு. வார்ப்பில் கம்பி கம்பியாக வராது, மேடும் பள்ளமுமாக மழுங்கி வரும். அப்புறம், அசலின் பின்பக்கம் முன்பக்கத்துக்கு இளைத்ததல்ல, அங்கே ஓடும் சுருள்கள் இன்னும் பழைய கெல்டிக் மரபு. உடையோடு ஒட்டி, யார் கண்ணிலும் படாத பக்கத்துக்கு அத்தனை உழைப்பு! மலிவான நகல்களில் அந்தப் பக்கத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அணிவதற்கும் கனத்த சால்வை வேண்டும், மெல்லிய துணியைக் கிழித்துவிடும்.

நாக்ஸ் எதையும் நகலெடுக்கவில்லை. சிலுவைக் கல்லின் பின்னலிலிருந்து மிருகங்களை எல்லாம் கழற்றிவிட்டுக் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு கோடு கிளம்பும், சாட்டைபோலச் சுழன்று தன்னையே ஒருமுறை முடிந்துகொள்ளும், போய்விடும். மீதி இடம் வெறுமை, அல்லது நீலமும் பச்சையும் கலந்த எனாமல், அதாவது சூட்டில் உருக்கிப் பதித்த கண்ணாடிப் பூச்சு. பழைய கலைஞர்கள் இந்த வெறுமையைச் சகித்திருக்க மாட்டார்கள், அவர்களுக்கு இண்டு இடுக்கு மிச்சம் இருக்கக் கூடாது. ஆனாலும் மரபு இவரிடம்தான் உயிரோடு இருக்கிறது என்பது என் கட்சி.

இங்கேயும் பெயரில் ஒரு பித்தலாட்டம் உண்டு. நாக்ஸ் வரைந்த நகைகள் வந்த, 1899-இல் தொடங்கிய வரிசைக்கு லிபர்ட்டி வைத்த பெயர் ‘கிம்ரிக்’, அதாவது வேல்ஸ் நாட்டுக்கு உரியது. மான் தீவுக்காரர் வரைந்ததற்கு வேல்ஸ் பெயர், செய்தது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துப் பட்டறை. வரைந்தவர் பெயரைக் கடை வெளியே சொல்லவே இல்லை. அச்சில் அடித்த வெள்ளியில் சுத்தியல் தடம்கூட அச்சிலேயே வந்துவிடும். கைவேலை என்று நம்பி விலை கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சொல்லப்போனால் நாக்ஸ் ஊதுகுழல் பிடித்த ஆசாரி அல்ல, காகிதத்தில் வரைந்தவர். 1912-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்கும் போய்ப் பார்த்தார். அடுத்த வருடமே மான் தீவுக்குத் திரும்பிவிட்டார்.

கையால் செய்ததுதான் வேண்டும் என்றால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: ஸ்காட்லாந்தின் ஐயோனா தீவில் 1899 முதல் அலெக்சாண்டர் ரிட்சியும் மனைவி யூஃபீமியாவும் செய்த வெள்ளி நகைகள். தீவின் செதுக்குக் கற்களிலிருந்தே வடிவம் எடுத்தார்கள். அடக்கமானவை, போட்டுக்கொண்டு நடமாடலாம். அங்கேயும் சில உருப்படிகள் பர்மிங்காமில் செய்து வந்தவை.

நான் வாங்குவதென்றால் நாக்ஸின் பதக்கம்தான். தாரா நகல் படிக்க நல்லது, ஆனால் அதற்குக் கண்ணாடிப் பெட்டி வேண்டும். பதக்கத்தைத் திருப்பி, வெள்ளியின் தரம் சோதித்ததற்கு பர்மிங்காமில் குத்தும் நங்கூர முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன், எனாமல் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்ப்பேன். அங்கே சில்லு பெயர்ந்திருந்தால் விலை பாதியானாலும் எனக்கு வேண்டாம். மறுபடி சூட்டில் வைத்தால் பக்கத்து நிறமும் கெட்டுப்போகும்.