படகு தேறிவிட்டது, துடுப்புதான் காலை வாரியது

மாடிப்படி ஏற்றி வீட்டுக்குள் வைக்க முடிகிற படகு வேண்டும் என்பதற்காகவே இந்தக் காற்றடிக்கும் கயாக்கை வாங்கினேன். இரண்டு பேர் உட்காரலாம். கனூவா கயாக்கா என்று குழம்புகிறவர்கள் துடுப்பைப் பார்த்தால் போதும்: கனூ துடுப்புக்கு ஒரு முனையில்தான் தண்ணீரைத் தள்ளும் பிளேடு, கயாக்குக்கு இரு முனையிலும். நின்றபடி துடுப்புப் போடும் பலகையும் உண்டு. என் முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை.

பக்கத்துக்கொரு குழாய், அடியில் தரை என மூன்று காற்றறைகள். ஒன்றில் காற்று போனாலும் மற்ற இரண்டும் மிதக்கவைக்கும். வெயிலில் கல் மாதிரி இருந்த படகு, தண்ணீரில் இறக்கியதும் சற்றுத் தொளதொளத்தது. பயந்துவிட்டேன். ஓட்டை எல்லாம் இல்லை, குளிர்ந்ததும் காற்று சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் நாள், படகை நேராக ஓடவைக்க, பின்பக்கம் அடியில் செருகும் ஃபின் என்ற தகட்டை வீட்டிலேயே மறந்துவிட்டேன். இடப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தால் மூக்கு வலப்பக்கம் ஓடும். வலப்பக்கம் இழுத்தால் திரும்ப இடப்பக்கம். ஒரு மணி நேரம் செக்கு சுற்றினேன்.

ஃபின் போட்டபின் படகின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட வந்த அலுமினியத் துடுப்புதான் வதை. நடு இணைப்பு ஆடுகிறது. அழுத்தி இழுத்தால் பிளாஸ்டிக் பிளேடு வளைந்து கொடுக்கிறது. படகு அகலம், துடுப்போ குட்டை; விரல் முட்டி பக்கக் குழாயில் உரசி உரசித் தோல் போய்விட்டது. சொட்டும் தண்ணீர் முழங்கை வரை வழிகிறது. நண்பரின் 230 சென்டிமீட்டர் ஃபைபர் துடுப்பை ஒருநாள் இரவல் வாங்கிப் போட்டேன். அதே படகா என்று இருந்தது! பிளேடின் குழிந்த பக்கம் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். ஒரு மாதமாகத் திருப்பிப் பிடித்திருக்கிறேன்.

இன்னொன்றும் அவர் சொன்னது: பாதத்துக்குப் பக்கத்தில் பிளேடை முக்கு, உடம்பைத் திருப்பி இழு, இடுப்பருகே வந்ததும் எடுத்துவிடு. அப்படி இழுத்தால் தோள் வலிப்பதில்லை. ஆனால் உதைத்துக்கொள்ளக் கால்கட்டை வேண்டுமே, இந்தப் படகில் அது இல்லை. இப்போதைக்கு உருட்டிய துணிப்பை ஒன்றை முன்னால் அடைத்திருக்கிறேன்.

லைஃப் ஜாக்கெட் இதோடு வராது, தனியாக வாங்குங்கள். மடிக்குமுன் தையல் இடுக்குகளைத் துடைக்காவிட்டால் பை நாறும். ஃபின்னை இப்போது பம்ப் கைப்பிடியிலேயே கட்டி வைத்திருக்கிறேன்.