நோட்டில் ஏறாத மொய்: கிக்ஸ்டார்ட்டரில் கேம்களுக்குப் பணம் போட்ட அனுபவம்

கிக்ஸ்டார்ட்டரில் வீடியோ கேம்களுக்கு நான் பணம் போட ஆரம்பித்தது 2014 கடைசியில். ஒன்றைச் செய்து முடிக்கும் முன்பே, ஒரு இலக்குத் தொகை வைத்துப் பலரிடம் பணம் திரட்டும் இணையதளம் அது. கணக்கு இன்னும் இருக்கிறது, போடுவதுதான் குறைந்துவிட்டது. மதுரையில் இருந்துகொண்டு இதில் இறங்கினால் என்ன கிடைக்கும், இனிமேல் இதெல்லாம் ஓடுமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

லாபமாக முடிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாலோ நைட் என்ற கேம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு குட்டி டீம், 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டார்கள், 57,000 சொச்சம் வந்தது. நான் போட்டது சின்னத் தொகைதான். 2017 பிப்ரவரியில் கேம் வந்தது. கூடுதல் இலக்கைத் தொட்டால் இன்னொரு கதாபாத்திரத்தை வைத்தும் ஆடலாம் என்று அப்போது சொல்லியிருந்தார்கள். அதுவே வளர்ந்து சில்க்சாங் என்ற தனி கேமாகி, 2025 செப்டம்பர் 4 அன்று வெளிவந்தது. பழைய பேக்கர்களுக்கு, அதாவது அன்று பணம் போட்டவர்களுக்கு, இலவசம். அன்றைக்கு வாங்க வந்த கூட்டத்தில் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையே படுத்துவிட்டது, எனக்கோ ஏற்கெனவே சொன்னபடி கேம் கைக்கு வந்தது. கொஞ்சம் கெத்தாகத்தான் இருந்தது.

எல்லாம் இப்படி அமையாது. உசிலம்பட்டிப் பக்கம் மொய் வைத்தால் நோட்டில் ஏறிவிடும், நம் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். கிக்ஸ்டார்ட்டரில் வைப்பது நோட்டில் ஏறாத மொய். இலக்கைத் தொடாவிட்டால் யார் கார்டிலும் பணம் எடுக்க மாட்டார்கள், அதுவரை சரி. தொட்டுவிட்டால் பணம் போனது போனதுதான். 'இது கடையல்ல' என்று அவர்களே சொல்கிறார்கள். கேமைக் கொடுக்க வேண்டியதும், முடியாவிட்டால் கணக்குச் சொல்ல வேண்டியதும் பணம் திரட்டிய படைப்பாளர் பொறுப்பு. நான் போட்டதில் ஒரு கேம், பெயர் வேண்டாம், மாதாமாதம் படம் காட்டி, பிறகு மூன்று மாதத்துக்கொரு தடவை மன்னிப்புக் கேட்டு, கடைசியில் பேச்சையே நிறுத்திவிட்டது. கேட்க ஆளில்லை.

இங்கிருந்து பணம் கட்டுவதே தனி வேலை. யூபிஐ கிடையாது. 2020 ரிசர்வ் வங்கி உத்தரவுக்குப் பிறகு கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே போய்த் திறந்துவிட வேண்டும். பணம் எடுப்பது நாம் ஒப்புக்கொண்ட அன்று இல்லை, திரட்டல் முடிகிற அன்று. அதற்குள் பாதுகாப்புக்கென்று அதை மூடி வைத்திருந்தால் கார்டு தள்ளிவிடும், ஏழு நாளைக்குள் சரிசெய்ய வேண்டும். வங்கியின் கரன்சி மாற்றுக் கட்டணமும், அதன் மேல் ஜிஎஸ்டியும் வேறு. பெட்டி, பொம்மை, ஓவியப் புத்தகம் என்று பொருளாக வருகிற பரிசுகளைத் தொடவே தொடாதீர்கள். தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் கேமின் விலையைத் தாண்டிவிடும்.

எதிர்கால விஷயத்துக்கு வருகிறேன். 2012இல் டபுள் ஃபைன் என்ற அமெரிக்க கேம் கம்பெனி 4 லட்சம் டாலர் கேட்டு 33 லட்சத்துக்கு மேல் வாங்கியபோது, 'இனிமேல் பதிப்பாளரே வேண்டாம்' என்று எல்லோரும் பேசினார்கள். பதிப்பாளர் என்றால் கேமுக்குப் பணம் போட்டு, சந்தைக்குக் கொண்டுவரும் கம்பெனி. அவ்வளவு வந்தும் பணம் போதாமல் அந்த கேமை இரண்டாக வெட்டி, முதல் பாதியை 2014இலும் மறுபாதியை 2015இலும் விட்டார்கள். பிளட்ஸ்டெயின்ட் என்ற கேம் 2015இல் 55 லட்சம் டாலர் திரட்டியது. ஆனால் 'இத்தனை பேர் கேட்கிறார்கள் பாருங்கள்' என்று பதிப்பாளருக்குக் காட்டுவதுதான் அந்தத் திரட்டலின் முக்கிய வேலை. பெரிய கேம்களுக்கு நம் பணம் ஒரு கையெழுத்து மாதிரி, செலவை ஏற்பது வேறு ஆள்.

லேரியன் என்ற பெல்ஜியம் கம்பெனியைப் பாருங்கள். 2013இல் டிவினிட்டி என்ற கேமுக்கு கிக்ஸ்டார்ட்டரில் கேட்டார்கள். பிறகு பால்டர்ஸ் கேட் 3 என்ற பெரிய கேமைச் செய்தபோது அந்தப் பக்கமே போகவில்லை. 2020 அக்டோபரில் ஸ்டீம் ஏர்லி ஆக்சஸில், அதாவது முடியும் முன்பே விற்கும் வழியில், கேமின் முதல் பகுதியை விற்று, ஆடியவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்தி, 2023 ஆகஸ்டில் முடித்தார்கள். எனக்கும் இதுவே தோது. ரூபாயில் விலை, காசு கொடுத்த அன்றே ஏதோ ஒன்று கையில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல், இரண்டு வாரத்துக்குள் கேட்டால் பணமும் திரும்பக் கிடைக்கும். இப்படிப் பலரிடம் திரட்டும் கூட்டுநிதி இனி பத்து பேருக்கும் குறைவான டீம்களுக்குத்தான் என்பது என் கணிப்பு.

அக்கா மகன் அலங்காநல்லூர் வாடிவாசலை வைத்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறான். "மாமா, நம்மளும் கிக்ஸ்டார்ட்டர்ல போட்டுருவமா?" என்றான். "போடலாம்டா, இந்தியாவுல இருந்து நேரா ஆரம்பிக்க முடியாதே" என்றேன். படைப்பாளர்களுக்கான நாடுகளின் பட்டியலில் நாம் இல்லை. வெளிநாட்டில் கம்பெனியோ கூட்டாளியோ வேண்டும். புனேயின் ராஜி கேமுக்கு 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் கேட்டுப் பார்த்தார்கள், இலக்கு எட்டவில்லை. வேறு வழியில் 2020இல்தான் கேம் வந்தது. "பங்கு குடுத்துப் பணம் வாங்குனா?" என்று அடுத்த கேள்வி. அதற்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2014இல் ஒரு ஆலோசனை அறிக்கை விட்டது, அதோடு நிற்கிறது.

ஸ்டீமில் ஒரு கேமைப் பதிய 100 டாலர். அதை நான் கட்டுகிறேன், பத்து நிமிஷம் ஆடுகிற மாதிரி ஒரு டெமோவை முதலில் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறேன். காளை இன்னும் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் போய்க்கொண்டிருக்கிறதாம்.