ஒர்க்‌ஷாப் மென்பொருள் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: லெட்ஜர் செட்டிங்கை விற்பவர்கள் கையில் விடாதீர்கள்

கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். பில் போடும் மென்பொருள் ஒன்றை நம்பி நான்கு மாதக் கணக்கு குழம்பிப்போனது. அதைச் சரிசெய்ய தீபாவளி வாரம் முழுக்க ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை, பத்து வருடமாக வண்டி விடுகிற ஒருவரிடம் தலைகுனிந்து நின்றது இன்னும் ஆறவில்லை.

கோவையில் எங்களுடையது சின்ன ஒர்க்‌ஷாப். இரண்டு லிஃப்ட், ஆறு பேர். ஜாப் கார்டு, அதாவது ஒரு வண்டிக்குச் செய்யும் வேலையைக் குறிக்கும் அட்டை, கையால்தான் எழுதுவோம். மாதக் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஒரு தம்பி வந்து பில் கட்டை எடுத்துப்போய் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவார். 2025 மே மாதம் ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். ஜாப் கார்டு, எஸ்டிமேட், ஸ்பேர்ஸ் ஸ்டாக், பில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் என்றார். “ஒரு பட்டனைத் தட்டினா மொத்தக் கணக்கும் டேலிக்குப் போயிடும் சார், உங்க ஆடிட்டர் ஒரு எழுத்துகூட டைப் பண்ண வேண்டாம்” என்றார். வருடத்துக்கு 24,000 ரூபாய், முழுத்தொகையும் முன்பணம். அந்த ஒரு பட்டனுக்காகத்தான் கொடுத்தேன்.

செட்டப் செய்ய வந்தவர் மொத்தம் அரை மணி நேரம் இருந்தார். கணக்கு செட்டிங் என்று ஒரு பக்கம் திறந்தார். இடது பக்கம் வரிசையாக ஸ்பேர்ஸ், லேபர், ஆயில், வெளிவேலை, வாட்டர் வாஷ், டிஸ்கவுண்ட், அட்வான்ஸ், ரவுண்ட் ஆஃப். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம், அது எந்த லெட்ஜரில், அதாவது எந்தக் கணக்குத் தலைப்பில், போய் விழ வேண்டும் என்று. அவர் முதல் கட்டத்தில் ‘சேல்ஸ்’ என்று தேர்ந்தெடுத்தார். அடுத்ததிலும் சேல்ஸ். கடைசிவரை சேல்ஸ். வரிக்கு ‘ஜிஎஸ்டி’ என்று ஒரே ஒரு லெட்ஜர். “அட்வான்ஸுக்குமா சேல்ஸ்?” என்று கேட்டேன். “அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம் சார், இப்ப பில் வந்தா போதும்” என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அட்வான்ஸுக்கான அந்த ஒரு கட்டம் என்ன செய்தது என்று ஒரு பில்லை வைத்தே சொல்கிறேன். ஆகஸ்டில் ஒரு ஸ்விஃப்ட், கிளட்ச் வேலை. ஸ்பேர்ஸ் 12,000, அதற்கு அப்போது 28 சதவீதம், 3,360. லேபர் 4,000, அதற்கு 18 சதவீதம், 720. மொத்தம் 20,080. வாடிக்கையாளர் முதலிலேயே 10,000 அட்வான்ஸ் கொடுத்திருந்தார், வண்டி எடுக்கும்போது மீதி 10,080 கொடுத்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது. மென்பொருளிலோ அந்த அட்வான்ஸ் அவர் பெயரில் வரவாகாமல் சேல்ஸில் போய் உட்கார்ந்தது. பில் போட்டபோது 16,000 மறுபடி சேல்ஸில் ஏறியது. விற்பனை 10,000 கூடுதல், அவர் பெயரில் 10,000 பாக்கி. அட்வான்ஸ் என்பது பில் போடும்வரை நாம் அவருக்குத் தர வேண்டிய பணம், வருமானம் இல்லை.

செப்டம்பர் முதல் வாரம் பாக்கிப் பட்டியலை எடுத்து, கவுண்டரில் இருக்கும் பெண் ஒவ்வொருவராகப் போன் செய்தாள். பத்து வருடமாக வரும் அந்த ஸ்விஃப்ட்காரருக்கும் போனது. அவர் கோபப்படவில்லை. அட்வான்ஸ் ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கே அனுப்பினார், கீழே என் கையெழுத்து. “தம்பி, என்கிட்ட கேட்டது பரவாயில்ல, வேற யார்கிட்டயும் இப்படிக் கேட்டுடாதே” என்று மட்டும் சொன்னார். அதற்குள் பதினோரு பேருக்குப் போன் போயிருந்தது. எல்லோருக்கும் நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

ஆடிட்டர் ஆபீஸில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஜிஎஸ்டி ரிட்டர்னை மென்பொருள் தந்த ஜிஎஸ்டி ரிப்போர்ட்டை வைத்தே போட்டிருந்தார்கள். டேலியில் ஏற்றும் வேலையைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். ஏற்ற உட்கார்ந்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. டேலியில் ‘லேபர் சார்ஜஸ்’, ‘ஸ்பேர்ஸ் சேல்ஸ்’ என்று ஏழு வருடமாக இருக்கும் லெட்ஜர்கள் அப்படியே காலியாக நின்றன. மென்பொருள் டேலிக்கு அனுப்பிய எக்ஸ்எம்எல் கோப்போடு வந்த புது ‘சேல்ஸ்’ லெட்ஜரில் எல்லாம் கொட்டிக் கிடந்தது. சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்தின் பங்கு) பிரியவே இல்லை. பாலக்காட்டுக் கம்பெனி ஒன்றுக்குக் கேரள ஜிஎஸ்டி எண்ணில் போட்ட லேபர் பில்லின் ஐஜிஎஸ்டியும் (வெளிமாநில பில்லுக்கான வரி) அதே குவியலில். லேபரில் எவ்வளவு வந்தது, ஸ்பேர்ஸில் எவ்வளவு நின்றது என்று கேட்டால் பதில் இல்லை. ஒர்க்‌ஷாப் நடத்துகிறவனுக்கு இதைவிட முக்கியமான கணக்கு வேறு என்ன இருக்கிறது?

பழைய பேட்டரி கதை தனி. புது பேட்டரி மாட்டும்போது பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்போம், எல்லோரும் செய்வதுதான். வரி போட வேண்டியது பழையதைக் கழிப்பதற்கு முன் உள்ள முழு விலைக்கு. மென்பொருள் அதை டிஸ்கவுண்டாக எடுத்து, கழித்த தொகைக்குத்தான் வரி போட்டிருந்தது. குறைந்த வரியை 18 சதவீத வட்டியோடு கட்டினேன். தொகை சின்னதுதான், ஆனால் தவறு என் பெயரில் பதிவானது.

இதற்கு நடுவில் 2025 செப்டம்பர் 22-இல் வாகன உதிரிபாகங்களுக்கு வரி 28-இலிருந்து 18 சதவீதமானது. மென்பொருள் நிறுவனத்தார் ராத்திரியோடு ராத்திரியாக விகிதத்தை மாற்றிவிட்டார்கள், நல்லதுதான். ஆனால் 22-க்கு முன் போட்ட பில்லை டேலிக்கான கோப்பாக மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் அதுவும் 18 என்று வந்தது! வாடிக்கையாளர் கையில் இருக்கும் பில்லில் 28, கோப்பில் 18. செப்டம்பர் மாத விற்பனை விவர ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 அக்டோபர் பதினோராம் தேதி போக வேண்டும். கடைசியில் பில் கட்டை மேஜையில் வைத்து, 22-க்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்து, கையால் கூட்டினோம். வரி கட்டும் ரிட்டர்னான 3பி-யின் கெடுவை அக்டோபர் 25-ஆம் தேதிவரை நீட்டியதால் தப்பித்தோம்.

நிறுவனத்தைக் கூப்பிட்டேன். லெட்ஜர் செட்டிங்கை மாற்றலாம், ஆனால் இனிமேல் போடும் பில்லுக்கு மட்டும்தான் பொருந்தும் என்றார்கள். பழைய நான்கு மாதத்தைத் திருத்தித் தர 14,000 தனியாகக் கேட்டார்கள். பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றதற்கு ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினார்கள். கணக்கு செட்டிங்கின் சரித்தன்மைக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்று ஒரு வரி. வாயால் சொன்ன அந்த ஒரு பட்டன் பேச்சு எந்தப் பக்கத்திலும் இல்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் டேலியில் இருக்கும் லெட்ஜர் பெயர்களை அப்படியே அச்செடுத்து வாங்குங்கள். ‘சார்ஜ்’ என்பதும் ‘சார்ஜஸ்’ என்பதும் டேலிக்கு வேறு வேறு. ஸ்பேர்ஸ், லேபர், லேத் வேலை, அட்வான்ஸ், டிஸ்கவுண்ட் எல்லாம் உள்ள உங்கள் சொந்த ஜாப் கார்டு ஒன்றை அவர்கள் டெமோவிலேயே போடச் சொல்லுங்கள். அந்தக் கோப்பை ஆடிட்டர் ஒரு மாதிரிக் கம்பெனியில் ஏற்றிப் பார்க்கட்டும். அட்வான்ஸ் வாடிக்கையாளர் பெயரில் வரவாகிறதா என்று முதலில் பாருங்கள். லேபருக்கான அட்வான்ஸுக்கு வாங்கிய மாதமே ஜிஎஸ்டி உண்டு, ஸ்பேர்ஸுக்கான அட்வான்ஸுக்கு 2017 நவம்பரிலிருந்து கிடையாது, அதனால் இரண்டும் பிரிகிறதா என்றும் கேளுங்கள். செட்டிங்கை மாற்றினால் பழைய பில் என்னாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நான் வாடிக்கையாளர் பட்டியலையும் வண்டி வரலாற்றையும் எக்செல்லில் இறக்கி வைத்துவிட்டேன். ஜாப் கார்டு மறுபடி கையால்தான் போகிறது. நாங்கள் கடைசியில் ஆடிட்டரோடு உட்கார்ந்து எழுதிய லெட்ஜர் பட்டியல் ஒரு பக்கம்தான் இருக்கிறது. வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.